ஆறாவது கட்டம்

எங்கள் கம்பெனியில் நூற்றுநாற்பது கம்ப்யூட்டர்கள் இருந்தன. மழை இறங்கினால் அவற்றில் பாதி என் முழங்காலைப் போலவே மக்கர் பண்ணும். எங்கள் துறைமுக ஊரான புவெனவென்துராவில் மழை இறங்காத நாள் எது? தகரத்தில் சத்தம் நின்றால்தான் நாங்கள் என்னவோ ஏதோ என்று தலையைத் தூக்கிப் பார்ப்போம். துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர்களுக்குச் சுங்கத் தாள் போட்டு வெளியே அனுப்புவது எங்கள் வேலை. மூன்று மாடி, பதினொரு கிடங்கு, எல்லா இடத்திலும் மேசைக்கு ஒரு கம்ப்யூட்டர். அத்தனைக்கும் சேர்த்து ஒரே வைத்தியன் எய்டர் ரியாஸ்கோஸ்.

எய்டர் என் பக்கத்து வீட்டுக்காரன். பலகைச் சுவர் ஒன்றுதான் நடுவில். அந்தப் பக்கம் மீன் பொரித்தால் இந்தப் பக்கம் எனக்குத் தும்மல் வரும். அவன் மனைவி நூபியாவுக்கு அலுவலகத்தில் என் பக்கத்து மேசை. ஆக, பகலெல்லாம் அவளோடும், பொழுது சாய்ந்தால் அவர்கள் இருவரின் சண்டை சமாதானத்தோடும் என் காலம் போய்க்கொண்டிருந்தது. என் பெயர் எர்சிலியா. ஐம்பத்து நான்கு வயது. கேட் பாஸ் பிரிவு. புருஷன் கடலோடு போய்விட்டான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள், பொய்யில்லை.

ஒரு வியாழக்கிழமை தலைநகரிலிருந்து உத்தரவு வந்தது. அடுத்த திங்கள் முதல் சுங்கப் பக்கம் பழைய பிரவுசரில் திறக்காது, எல்லோரும் புதிதை ஏற்றிக்கொள்ள வேண்டும். பிரவுசர் இல்லையென்றால் தாள் இல்லை. தாள் இல்லையென்றால் லாரி நகராது. லாரி நகராவிட்டால் ஓட்டுநர்கள் மாடி ஏறி வந்து எங்கள் சட்டையைப் பிடிப்பார்கள்.

எய்டர் அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"எத்தன நாளாகும்ல?" என்றேன்.

"ஏத்துறது மூணு நிமிஷந்தான்க்கா. அதுக்கப்புறம் இந்தச் சன்னல் திறக்கவிடு, அந்தச் சன்னல் திறக்கவிடு, எழுத்தப் பெருசாக்கு, முப்பது முகவரிய உள்ள போடு. ஒரு மெஷினுக்கு இருபது நிமிஷம் உயிர எடுத்துரும்."

"ஒரு இடத்துல உக்காந்து எல்லாத்துக்கும் அனுப்ப ஏலாதோ?"

"அனுப்பிப் பாத்தாச்சு. மூணாம் கிடங்குக்குப் பாதி போகையில கரண்டு போச்சு. அங்க இருபது மெஷின் அரைப் பிரவுசரோட நிக்குது, தல வந்து கால் வராத புள்ள மாதிரி."

உள்ளேயிருந்து நூபியா சிரித்தாள். "உனக்குப் புள்ளப்பேறப் பத்தி ரொம்பத் தெரியும்."

"தெரியாது. உன் மெஷின் தெரியும். கம்பெனியிலேயே ஒழுங்கா இருக்கற ஒரே மெஷின் அதுதான். அதுல புதுச ஏத்தி, உன் முகவரி, உன் அமைப்பு எல்லாத்தையும் அப்படியே எடுத்து மத்ததுல ஒட்டிரப் போறேன்."

"ஒட்டிக்கோ," என்றாள் நூபியா. கையிலிருந்த பச்சை வாழைக்காயைத் தோல் சீவிக்கொண்டே சொன்னாள்.

எங்கள் ஊரில் எந்த வேலையும் இப்படித்தான் நடக்கும். படகு கட்டுபவன் வரைபடம் வைத்துக் கட்டமாட்டான், ஓடுகிற படகு ஒன்றைப் பார்த்துக் கட்டுவான், அதில் ஓட்டை இருந்தால் அதையும் சேர்த்து. ரேஷன் படிவம் வந்தால் ஒருத்தி நிரப்பியதைப் பார்த்து மொத்தத் தெருவும் நிரப்பும், சிலசமயம் அவள் பெயரையும் சேர்த்து எழுதிவிடும். எய்டர் படித்தவன்தான். தலைநகரிலிருந்து வந்த வழிமுறைத் தாளில் வெறும் பிரவுசரைப் புதிதாகத் தயார்பண்ணி ஏற்ற வேண்டும் என்றுதான் போட்டிருந்தது. அதை மேசை ஓரத்தில் தள்ளி வைத்துவிட்டு, நல்ல மெஷின் ஒன்றைப் பார்த்து ஒட்டினான். ஊர் வழக்கம் யாரை விட்டது?

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேலை. கிடங்குச் சாவிகள் என்னிடம் இருந்ததால் நானும் கூடப் போனேன். ஆறு பென் டிரைவ்களைக் கயிற்றில் கோத்து ஜெபமாலை போல் கழுத்தில் மாட்டியிருந்தான். ஒரே நேரத்தில் ஆறு மெஷினில் சொருகுவான், ஏறும், உருவுவான், அடுத்த ஆறுக்கு நகர்வான். ஐந்தாம் கிடங்கில் காபி மூட்டை நாற்றம், எட்டில் மீன்தூள் நாற்றம். ஒன்பதில் கீபோர்டுக்குள் எறும்பு புற்று வைத்திருந்தது. தேங்காய்ப்பால் ஊற்றிக் கிளிஞ்சல் கறி செய்து கொண்டுபோயிருந்தேன். ஞாயிறு மதியம் கிடங்குத் தரையில் உட்கார்ந்து இருவரும் விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டோம்.

"நூபியாவோட பேரு, பாஸ்வேர்டு எல்லாம் தொடச்சிட்டேன்க்கா," என்றான் பெருமையாக. "முன்பக்கத்துல 'சுங்கம்'னு ஒரு படம் வெச்சிருக்கேன். அமுக்குனா நேரா சுங்கப் பக்கம். எட்டாங்கிளாஸ் படிச்சவனும் திறந்துருவான்."

அந்தப் படத்தை அமுக்கித்தான் ஒவ்வொரு மெஷினையும் சரிபார்த்தான். சுங்கப் பக்கம் திறந்தது. அதோடு அடுத்ததற்குப் போய்விட்டான். பெயரைத் துடைத்தவன் நடந்த தடத்தைத் துடைக்கவில்லை. நூபியா ஏதாவது தடம் போட்டு நடந்திருப்பாள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை காலை எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. எட்டு மணிக்குச் சுங்கப் பக்கம் திறந்து, தாள் போய், முதல் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வெளியேறியது. மாடியில் கைதட்டினார்கள். எனக்குப் பின்மேசையில் இருந்த தெயோஃபிலோ, "எய்டருக்கு ஒரு சிலை வைக்கணும், மழையில நனையாத சிலை," என்றார். கப்பல் தாள்களை மொழிபெயர்ப்பவர் அவர். அறுபது வயது, தனிக்கட்டை, சர்க்கரை நோயாளி. தினம் பன்னிரண்டரைக்குச் சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு, அவித்த வாழைக்காயை மேசையிலேயே தின்றுவிட்டு, சுதி சேராமல் ஒரு கோயில் பாட்டுப் பாடுவார். மதியம் எல்லோரும் கீழே இறங்கிப் போவார்கள். நான் முழங்காலால், அவர் ஊசியால், நூபியா சத்தம் பிடிக்காது என்பதால், மூவர் மட்டும் மேலே.

எட்டேகாலுக்குக் கப்பல் அட்டவணை பார்ப்பதற்காகப் பிரவுசரின் மேலே இருந்த கூட்டல் குறியை அமுக்கினேன். வெள்ளைப் பக்கம் ஒன்று வந்தது. அதில் எட்டுக் கட்டங்கள். அடிக்கடி போன பக்கங்களைப் பிரவுசர் அப்படிக் கட்டம் கட்டிக் காட்டும். சுங்கம், கப்பல் அட்டவணை, வானிலை, கடல் ஏற்றம், லாரி எடை. ஆறாவது கட்டத்தில், கொலை கொள்ளைக்குப் புகார் வாங்கும் அரசு வழக்குத்துறையின் முத்திரை இருந்தது. அதன் கீழே, 'பெயர் சொல்லாப் புகார் – நிலவரம் அறிய.'

எனக்கு மட்டுமா என்று பக்கத்தில் எட்டிப் பார்த்தேன். பக்கத்திலும் அதுவே. முன்னால் இருந்தவன் திரையிலும் அதுவே. யாரோ ஒருவன் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினான். கீபோர்டுச் சத்தம் ஒவ்வொரு வரிசையாக நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மாடியில் யார் யார் அவர்களுக்கு உளவு சொல்பவர்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். கேட் மேற்பார்வை பார்க்கிற வில்பர் அவர்களில் முதல் ஆள். அவன் தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் என்றால் கடல்மேல் கால் நட்டுக் கட்டிய எங்கள் பக்கத்துத் தண்ணீர்வீடுகளை ஆள்கிற ரவுடிக் கும்பல். தலைவனை நண்டு என்போம். ஒரு கால் குட்டை, பக்கவாட்டில் நடப்பான். இரண்டு வருடத்துக்கு முன் நூபியாவின் தம்பி ஆர்லெயை அவர்கள்தான் கொண்டுபோனார்கள். கிரேனில் கொக்கி மாட்டுகிற பையன். எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டார்களாம், சொல்லமாட்டேன் என்றானாம். எங்கள் வரிசைக் கடைசியில் கடல்மேல் நிற்கும், பிடித்த ஆளைத் துண்டுபோடும் வெட்டுவீட்டில் அன்று பகல் முழுவதும் பாட்டைச் சத்தமாக வைத்தார்கள். எதற்கு அவ்வளவு சத்தம் என்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. புதைக்க ஒரு துண்டுகூட வரவில்லை.

நூபியாவின் முகத்தைப் பார்த்தேன். எழுந்து அவள் கையைப் பிடித்துக் கழிவறைக்கு இழுத்துப் போனேன்.

"நீயா?"

தலையை ஆட்டினாள்.

"எத்தன நாளாடி?"

"ரெண்டு வருஷம். செவ்வாயும் வெள்ளியும். நீங்க சோறு திங்கற நேரம்."

"நான் பக்கத்துலதான இருந்தேன் பாவி!"

"நீங்க தட்டத் தவிர எதப் பாப்பீங்கக்கா?" சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். "வெளிய வரும்போது முறையா மூடிட்டுத்தான் வருவேன். அது இப்படி ஞாபகம் வெச்சுக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"என்ன எழுதுன?"

"மூணு பேரோட பேரு. வீடு எதுன்னு. எத்தன மணிக்குப் பாட்டு வெச்சாங்க, எத்தன மணிக்கு நிறுத்துனாங்கன்னு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"பரிசீலனையில் உள்ளது."

"எய்டருக்கு?"

"தெரியாது. தெரிஞ்சிருந்தா பயந்தே செத்திருப்பான்."

எய்டர் அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். பெண்கள் கழிவறை என்ற நினைப்பெல்லாம் அவனுக்கு இல்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். சுவரில் நெற்றியை வைத்து நின்றான்.

"நான் அழிச்சிடறேன். இப்பவே. ஒவ்வொண்ணா அழிச்சிடறேன்."

"நூத்துநாப்பதையுமா?" என்றாள் நூபியா. "நீ கழுத்துல மாலையப் போட்டுக்கிட்டு ஓடி ஓடி அழி. அவங்களுக்கு வேற சாட்சியே வேண்டாம்."

"வேற என்னடி பண்ணச் சொல்ற? நானே உன்ன ஊரெல்லாம் ஒட்டிட்டு வந்திருக்கேனே!"

"மெதுவாப் பேசுல," என்றேன். "நூபியா, உனக்கு வயித்து வலி. வீட்டுக்குப் போ. ரெண்டு துணிய மூட்டையாக் கட்டு. காலி பட்டணத்துக்குப் போற ரெண்டு மணி பஸ்ஸுக்கு ரெண்டு பேரும் போயிருங்க. எய்டர், நீ மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் நடக்காத மாதிரி இரு."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். நல்ல யோசனை சொன்னதாக நானும் வந்து உட்கார்ந்தேன். அன்றைக்கு இருந்த மூளை எனக்கு அவ்வளவுதான்.

பதினொரு மணிக்கு வில்பர் எய்டரின் தோளில் கை போட்டபடி கீழே இறங்கிப்போனான். தினமும் மதியம் சேர்ந்து டொமினோ ஆடுகிறவர்கள். பார்க்கிறவர்களுக்கு ஆட்டத்துக்குப் போவது போலத்தான் இருந்திருக்கும். பன்னிரண்டேகாலுக்கு வில்பர் மட்டும் திரும்பி வந்து என் மேசை முன்னால் நின்றான்.

"கொஞ்சம் கீழ வாங்கக்கா. ஒரு சந்தேகம் கேக்கணுமாம்."

"முழங்கால் வலிக்குதுல."

"நான் பிடிச்சுக்கறேன்."

கிடங்குக்குப் பின்னால் லாரி டயர் ஒட்டும் கொட்டகை. நண்டு ஒரு டயர்மேல் உட்கார்ந்து மடியில் தட்டு வைத்துப் பொரித்த மீனும் தேங்காய்ச் சோறும் தின்றுகொண்டிருந்தான். இரண்டு தடியன்கள் எய்டரை இரும்பு மேசையோடு அமுக்கிப் பிடித்திருந்தார்கள். அவன் வலது கை மேசைமேல் விரித்து வைக்கப்பட்டிருந்தது. கன்டெய்னர்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பூட்டும் இரும்புக் கொக்கி ஒன்று பக்கத்தில் கிடந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் விரலாகவே இல்லை. நகமும் சதையுமாகச் சப்பி மேசையோடு ஒட்டியிருந்தன.

"வா அத்தே. சாப்டியா?" என்றான் நண்டு. "இந்தப் பய, எடுத்து ஒட்டுனது தன்னோட மெஷினத்தான்னு சொல்றான். வில்பர், அத்தைக்குச் சொல்லு."

"போன தடமெல்லாம் உள்ள இருக்கு, தேதி நேரத்தோட," என்றான் வில்பர். "செவ்வா, வெள்ளி, பன்னெண்டு நாப்பது. ரெண்டு வருஷமா. அந்த நேரம் எய்டர் எங்கூட டொமினோ ஆடுவான். ஒரு நாள் தவறுனதில்ல. ஒரு நாள் ஜெயிச்சதுமில்ல."

"அப்ப மாடியில யாரு?"

"மூணு பேரு. இந்தக்கா, தெயோஃபிலோ, நூபியா."

நண்டு மீன்முள்ளைத் துப்பினான். "அத்தே, நீயா?"

"எனக்கு அந்தப் பெட்டியில கேட் பாஸ் தவிர ஒண்ணும் தெரியாது தம்பி."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். நூபியா எங்க?"

"வயித்து வலின்னு வீட்டுக்குப் போயிருக்கா."

"இன்னிக்கா? இன்னிக்குப் பாத்தா வலிக்குது?" அவன் தடியனைப் பார்த்துத் தலையசைத்தான்.

கொக்கி இறங்கியது. நடுவிரல். எலும்பு முறியும் சத்தம் தனியாகக் கேட்டது. எய்டர் போட்ட கூச்சலில் கொட்டகைக் கூரையிலிருந்த புறாக்கள் பறந்துபோயின. அவன் கால் வழியாக மூத்திரம் ஓடியது.

"நூபியாவோடதா?" என்றான் நண்டு.

"தெயோஃபிலோ!" என்று அலறினான் எய்டர். "தெயோஃபிலோ மெஷின். அவருதான். அவரு மெஷினத்தான் எடுத்து ஒட்டுனேன்."

நண்டு தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "அத்தே?"

எய்டரும் என்னைப் பார்த்தான். அந்தக் கண்ணை என்னால் சொல்ல முடியாது. நூபியாவுக்காகத்தான் சொன்னேன் என்று பிற்பாடு பாதிரியாரிடம் சொன்னேன். பாதிதான் உண்மை. மூன்று பேரில் இரண்டு பேர் கழிந்தால் மிச்சம் நான்தானே என்ற கணக்கும் உள்ளே ஓடியது.

"ஆமா," என்றேன்.

பத்தே நிமிடத்தில் தெயோஃபிலோவை இறக்கிக்கொண்டு வந்தார்கள். ஊசி போட்டுக்கொண்டிருந்தவரை அப்படியே எழுப்பியிருக்கிறார்கள். சட்டை பாதி தூக்கியபடி இருந்தது. "மழை பெய்யுதே, குடையை எடுத்துக்கறேனே," என்று வில்பரிடம் கேட்டுக்கொண்டே வந்தார். எய்டரின் கையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

எய்டரின் கையை என் தலைத்துண்டில் சுற்றிக்கொண்டு, பலகைப் பாலம் வழியாக வீட்டுக்குக் கூட்டி வந்தேன். நூபியா மூட்டையோடு தயாராக இருந்தாள். கையைப் பார்த்ததும் ஐயோ என்று ஓடிவந்து, வெந்நீர் வைக்கப் போனாள். எய்டர் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னான். அவள் பாத்திரத்தை இறக்கி வைத்தாள்.

"யாரு பேரச் சொன்ன?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு நூபியா."

"யாரு பேரச் சொன்னன்னு கேட்டேன்."

"தெயோஃபிலோ."

விட்டாள் ஓர் அறை. அவன் சுவரில் போய் மோதினான்.

"உனக்காகத்தான்டி சொன்னேன்! நான் ஒட்டுனதாலதான் வந்துச்சு, நான்தான் உன்னக் காப்பாத்தணும்!"

"எனக்காகவா? ஆர்லெயக் காட்டி 'பெட்டி எங்கன்னு தெரிஞ்சவன் இவந்தானா'ன்னு கேட்டப்ப கூட வேல பாத்த ஒருத்தன் ஆமான்னு சொன்னான். வெட்டுனவன் பேரெல்லாம் எனக்கு அன்னிக்கே தெரியும். ரெண்டு வருஷமா நான் தேடுனது அந்த ஆமா சொன்னவனத்தான். அவன் முகம் எப்படி இருக்கும்னு பாக்கணும்னு கிடந்தேன்." என் பக்கம் திரும்பினாள். "நீங்க என்னக்கா சொன்னீங்க?"

நான் குனிந்து எய்டரின் கையில் சுற்றிய துண்டை இறுக்கினேன். அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது.

"அந்த மனுஷன் வாயில்லாப் பூச்சி," என்றாள். "எனக்காக இன்னொருத்தரப் பலி கேக்க நான் என்ன சாமியா?"

வாசலை நோக்கி நடந்தாள். எய்டர் குறுக்கே விழுந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான். விடச் சொன்னாள். விடவில்லை. கதவுக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையை எடுத்து அந்த நொறுங்கிய கைமேலேயே அடித்தாள். ஒன்று, இரண்டு. மூன்றாவதில் அவன் மயங்கிப் பிடி விட்டான். அடிக்கும்போது அவள் "மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டே அடித்தாள். பிறகு செருப்புக்கூடப் போடாமல் மழைக்குள் இறங்கிவிட்டாள். பலகைப் பாலத்தில் அவள் போகப் போக, இரண்டு பக்கமும் கதவுகள் சாத்திக்கொண்டன. நான் பின்னால் போகவில்லை. முழங்காலைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்று மணிக்கு வரிசைக் கடைசி வீட்டில் பாட்டு ஆரம்பித்தது.

எய்டர் அந்தச் சத்தத்தில்தான் கண் விழித்தான். ஓடினான். பாலத்தின் பாதியில் இரண்டு பேர் நின்றார்கள். துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து அவன் வாயில் அடித்தார்கள். எழுந்தான், மறுபடி அடித்தார்கள். பல்லைத் துப்பிவிட்டு மறுபடி எழுந்தான். என்னைச் சுடுங்கடா என்று கத்தினான். அவர்கள் சுடவில்லை, சிரித்தார்கள். அப்போதுதான் நான் போய் அவனைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தேன். வரும்போது அவன் என் கையைக் கடித்துவிட்டான். தழும்பு இன்னும் இருக்கிறது.

நான்கரைக்குப் பாட்டு நின்றது.

சிறிது நேரம் கழித்துத் தெயோஃபிலோ அந்தப் பாலத்தில் நடந்து வந்தார். இடது காது இருந்த இடத்தில் சட்டையைச் சுருட்டி அமுக்கியிருந்தார். என் வாசற்படியில் உட்கார்ந்தார். சர்க்கரை இறங்கி உடம்பு ஆடிக்கொண்டிருந்தது. கரும்புப்பாகு கரைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு எய்டரைப் பார்த்துச் சொன்னார்.

"உன் பொண்டாட்டி கொட்டகைக்கு வந்தா. 'அவர விடுங்க, நாந்தான்'னா. நண்டு நம்பல. என்னக் காப்பாத்தப் பழி ஏத்துக்க வந்திருக்கான்னு நெனச்சான். வில்பரோட கம்ப்யூட்டரக் கொண்டுவரச் சொன்னா. அந்த ஆறாவது கட்டத்த அமுக்கி, புகார் நம்பர், பாஸ்வேர்டு ரெண்டையும் பாக்காமலே அடிச்சா. பதினஞ்சு எழுத்து. திறந்துருச்சு. பரிசீலனையில் உள்ளதுன்னு இருந்துச்சு."

"அப்புறம்?" என்றான் எய்டர். வாய் வீங்கியதில் பேச்சு குழறியது.

"நண்டு விழுந்து விழுந்து சிரிச்சான். ரெண்டு வருஷமா ஒருத்தனும் படிக்கவே இல்லையேடி, இதுக்கா இவ்வளவு கஷ்டப்பட்டன்னு கேட்டான். அவ அவன் மூஞ்சில துப்புனா." தெயோஃபிலோ காதில் இருந்த சட்டைச் சுருளைத் திருப்பி அமுக்கினார். "என்னயும் அந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பாத்துட்டுப் போய் ஊருக்குச் சொல்லுன்னாங்க. காத மட்டும் எடுத்துக்கிட்டாங்க. நான் பாத்தேன் எய்டர். எல்லாத்தையும் பாத்தேன். அவ அழல."

எய்டர் தரையில் தலையை முட்டிக்கொண்டான். தெயோஃபிலோ அவனைத் தடுக்கவுமில்லை, தொடவுமில்லை. உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தன் பெயரைச் சொன்னது யார், ஆமாம் போட்டது யார் என்று அந்தக் கொட்டகையில் அவருக்குச் சொல்லியிருப்பார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டு நாலு திட்டுத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தெயோஃபிலோ என் கதவைத் தட்டினார். தலையைச் சுற்றிக் கட்டு, வெள்ளைச் சட்டை, கையில் குடை.

"வழக்குத்துறைக்குப் போறேன்," என்றார். "நேர்ல. பேர் சொல்லி. நான் பாத்தது நான் செத்தா என்னோட போயிரும். நீங்க வரணும்னு கேக்கல. போறேன்னு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"கொன்னுருவாங்க அண்ணே."

"ஆமா," என்றார்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருக்கிறது. எய்டர் கட்டுப் போட்ட கையோடு வெளியே வந்தான். அவரைப் பார்க்கவில்லை, பாலத்தில் இறங்கி நின்றுகொண்டான். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பாவாடையை மாற்ற வேண்டும் என்று உள்ளே போய், மாற்றாமலே திரும்பி வந்தேன். மூன்று பேரும் மழையில் நடந்தோம். தெயோஃபிலோ குடையை விரித்து என் தலைக்கு மேலும் பிடித்தார்.

வழக்குத்துறை அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவன் மலைநாட்டுக்காரன், சின்ன வயசு. எங்கள் மூவரின் கோலத்தைப் பார்த்துப் பயந்துபோனான்.

"நேர்ல வரணும்னு இல்லீங்களே," என்றான் தணிந்த குரலில். "எந்தக் கம்ப்யூட்டர்ல இருந்தும் பேர் சொல்லாமயே போடலாமே. உங்களுக்கு அதுதான் பாதுகாப்பு."

"அப்படிப் போட்டவளுக்காகத்தான் வந்திருக்கோம்," என்றான் எய்டர்.

அந்தப் பையன் கீபோர்டை இழுத்து வைத்துத் தட்டத் தொடங்கினான். தெயோஃபிலோ தான் பார்த்ததை வரிசையாகச் சொன்னார், ஆள் ஆளாக, நேரத்தோடு, குரல் ஏறாமல் இறங்காமல். நடுவில் ஒரு தடவை தண்ணீர் கேட்டார். கொட்டகைக்கு அவரைக் கொண்டுபோன கட்டம் வந்ததும் அந்தப் பையன் தலையைத் தூக்கினான்.

"உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்கறீங்க. அப்ப உங்க பேர அவங்ககிட்ட யாரு சொன்னது?"

தெயோஃபிலோ சன்னல் பக்கம் பார்த்தார். தெரியாது என்று சொல்ல வாயெடுத்தார்.

"நான்," என்றான் எய்டர்.

"ஒருத்தர் சொன்னா நம்பிட்டாங்களா?"

"இல்ல," என்றேன். "கூட நின்னு நான் உறுதி சொன்னேன்."

அவன் விரல்கள் கீபோர்டுக்கு மேல் நின்றன. "அத அப்படியே எழுதணுமாம்மா? வேண்டாம்னா விட்டுரலாம்."

"எழுதுங்க."

"பேரு?"

எர்சிலியா குவெரோ மொந்தான்யோ என்று அப்பன் பெயர், அம்மா பெயர் இரண்டையும் சேர்த்துச் சொன்னேன். அவனுக்குக் கடலோரப் பெயர்கள் பழக்கமில்லை, தப்பாகத் தட்டினான். திரையைத் திருப்பச் சொல்லி, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லித் திருத்தினேன்.